நிலாவுக்குப் போற வழியில எரிபொருள்

(குடும்பக் குழு, நாகர்கோவில். விண்வெளியில இருக்குற எரிபொருள் டாங்க்னு ஜெபின் ஒரு படம் வரைஞ்சு போட்டிருந்தான்.)

ஜெபின்: மாமா, 1969-ல சாட்டர்ன் 5 ஒரே ராக்கெட்ல ஆளையும் நிலாவுல இறங்குற லேண்டரையும் கொண்டு போச்சே. இப்ப ஸ்பேஸ்எக்ஸ் செய்யுற ஸ்டார்ஷிப் லேண்டருக்கு மட்டும் எதுக்கு பூமியச் சுத்தும்போதே எரிபொருள் நிரப்பணும்?

ராஜன் மாமா: எடை மக்ளே. அப்போலோ லேண்டர் சுமார் 15 டன். ஸ்டார்ஷிப்ல மீத்தேனும் ஆக்சிஜனும் மட்டும் 1000 டன்னுக்கு மேல. சுற்றுப்பாதைக்கு ஏறுறதுக்குள்ள டாங்க் காலியாயிரும். பெறவு டாங்கர், அதாவது எரிபொருள் சுமக்குற கப்பல், ஒண்ணு பின்னால ஒண்ணா போயி நிரப்பணும்.

சுதா சித்தி: ஜெபின், நீ போட்ட படத்துல திரவம் அடியில தேங்கி நிக்கிற மாதிரி இருக்கு, அது தப்பு. அங்க எடையில்லாம மிதக்குறதால திரவம் சுவர்ல ஒட்டிக்கும், நடுவுல கேஸ் நிக்கும். குழாய் வாயில கேஸ் இருந்தா கேஸ்தான் போகும். த்ரஸ்டர்ங்கிற சின்ன இஞ்சினை எரிச்சு லேசா தள்ளுனாத்தான் திரவம் ஒரு பக்கமா ஒதுங்கும். மாத்தி முடியிற வரைக்கும் அந்தத் தள்ளு வேணும்.

ஜெபின்: அழுத்த வித்தியாசத்துலதான் ஓட விடுவாங்க, இல்லையா?

ராஜன் மாமா: ஆமா, கொடுக்கிற டாங்க்ல அழுத்தம் கூடுதல், வாங்குறதுல கொறவு. ஆனா முன்னாலயே குழாயைக் குளிர வைக்கணும், கேட்டியா. திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி, மீத்தேன் மைனஸ் 162. சூடான குழாய்ல நேரா விட்டா போறது பூரா கொதிச்சு கேஸாகும், வாங்குற டாங்க்ல அழுத்தம் ஏறி ஓட்டமே நின்னுரும். கொஞ்சங் கொஞ்சமா விட்டு, வர்ற கேஸை வெளிய விட்டு, உலோகம் குளிர்ந்த பெறவுதான் வால்வை முழுசா திறக்கணும். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துல கிரையோ இஞ்சின் (கடுங்குளிர் எரிபொருள்ல ஓடுறது) டெஸ்டுக்கு முன்னால செய்யுற சில்டவுன்தான் இதுவும். இங்க திரவத்தோட எடை ஒத்தாசைக்கு இருக்கு, அங்க அது இல்ல.

சுதா சித்தி: அண்ணே, காத்துக் கெடக்குற நாளையும் சொல்லுங்க. வெயிலும் பூமியோட வெப்பமும் டாங்கைச் சுடுவிச்சுக்கிட்டே இருக்கும். அடுத்த டாங்கர் பிந்தினா, முன்னால நிரப்புனது ஆவியாயிரும்.

ராஜன் மாமா: அதனாலதான் எத்தன டாங்கர் வேணும்ங்கிற கணக்கு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது.

ஜெபின்: சோதிச்சுப் பாத்தாங்களா?

ராஜன் மாமா: 2024 மார்ச்ல, ஸ்டார்ஷிப்போட மூணாவது பறப்புல, ஒரே கப்பலுக்குள்ள ஒரு டாங்க்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்திப் பாத்தாங்க. ரெண்டு கப்பல் இணைஞ்சு மாத்துறது வேற வேலை. இணைப்புல கசிவு இருக்கக் கூடாது, அந்தக் குளிர்ல சீல் சுருங்கும்.

ஜெபின்: அப்போ 2040-ல நிலாவுல நம்ம ஆளை இறக்குற இந்தியாவோட இலக்கு?

சுதா சித்தி: 2025 ஜனவரி 16-ல இஸ்ரோவோட ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள் ரெண்டும் விண்வெளியில இணைஞ்சுது. பெறவு ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மின்சாரமும் கடத்தியாச்சு. அடுத்து திரவம் மாத்திப் பாக்கணும். முதல்ல தண்ணி மாதிரி சாதாரண திரவம், பெறவு திரவ நைட்ரஜன், கடைசியா ஆக்சிஜன். இப்பவே தொடங்குனாத்தான் 2040-க்கு எட்டும்.