வரைகலை வடிவமைப்பு: வணிகவியல் பிரிவு தடையாகுமா?

கேள்வி (தக்கலை, ஒரு தாய்):
பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படிக்கும் என் மகள், குளச்சலில் வள்ளங்களின் முகப்பில் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டே இருப்பாள். பல்கலைக்கழகத்தில் வரைகலை வடிவமைப்புதான் படிப்பேன் என்கிறாள். அறிவியல் பிரிவு இல்லாதது தடையா? இப்போதே கணினி வாங்க வேண்டுமா?

பதில் 1 (நாகர்கோவில், வடிவமைப்பாளர்):
தடையில்லை, அம்மா. வடிவமைப்புப் பட்டப்படிப்புக்காக மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் (UCEED) நுழைவுத் தேர்வை எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம். அதில் கையால் வரையும் பகுதியும் உண்டு. 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியையும் விசாரியுங்கள். கணினி பிறகு வாங்கலாம், கைப்பழக்கமே முதலில் வேண்டும். திரையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்: நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திரையில் பளிச்சென்றிருந்த நீலத்தை அச்சின் நான்கு மைகளுக்கு (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மாற்றிப் பார்க்காமல் அனுப்பியதால், ஒரு வீட்டின் திருமண அழைப்பிதழ் முழுவதும் மங்கிய ஊதாவாக வந்தது. அந்த அட்டையை இன்றும் மேசையில் வைத்திருக்கிறேன்.

பதில் 2 (களியக்காவிளை, இறுதியாண்டு மாணவி):
தங்கை அந்த வள்ள எழுத்துகளை விடவே வேண்டாம். ஆங்கிலத்துக்குரிய வரி இடைவெளியைத் தமிழுக்கு அப்படியே வைத்தால், மேல்வரியின் ‘பு’ கீழிறங்கி அடுத்த வரியின் ‘கி’யின் மேல்வளைவில் (மேல்விலங்கில்) முட்டும் என்பதை நான் மூன்றாம் ஆண்டில்தான் கற்றேன். அவள் இப்போதே கண்ணால் அளக்கிறாள். நோட்டுகளைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். நேர்காணல் உள்ள கல்லூரிகளில் அவற்றைக் காட்டலாம்.