பூட் ஆகும்போது சொந்தப் படம்: தேவையா, வெட்டி வேலையா?

கறிவேப்பிலை:
வீட்டு லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸும் விண்டோஸும் இருக்கின்றன. எதற்குள் போகிறாய் என்று கேட்கிற கிரப் மெனுவுக்குப் பின்னால் மகள் வரைந்த மயிலை வைத்துவிட்டேன். பெரிய வித்தை இல்லை. பூட் ஃபோல்டருக்குள் இருக்கும் கிரப் ஃபோல்டரில் படத்தைப் போட்டு, செட்டிங் ஃபைலில் 'கிரப் பேக்கிரவுண்ட்' வரியில் அது இருக்குமிடத்தைக் கொடுத்து, 'அப்டேட்-கிரப்' கட்டளையை ஓட்டினால் போதும். முதல் தடவை மயில் வரவில்லை. ஃபோன் ஆப் அதை வெப்பி (WebP) என்ற வேறு பட வடிவில் சேமித்திருக்கிறது, நான் பெயரை மட்டும் பிஎன்ஜி என்று மாற்றியிருக்கிறேன்! கிரப் படிப்பது பிஎன்ஜி, ஜேபெக், டிஜிஏ மட்டுமே.

பழையதகரம்:
நாலு விநாடி மயிலுக்கு இவ்வளவு பாடா? அந்த ஃபைலில் ஒரு மேற்கோள்குறி விட்டுப்போனால் மறுநாள் மெஷின் எழாது. அப்புறம் பென்டிரைவோடு அலைய வேண்டியதுதான்.

கறிவேப்பிலை:
எழும் சார். பிழை இருந்தால் அப்டேட்-கிரப் அங்கேயே நின்றுவிடும், பழைய மெனு அப்படியே இருக்கும். வேண்டுமென்றே குறியை எடுத்துவிட்டுப் பார்த்தேன்.

பழையதகரம்:
சரி, அது போகட்டும். 2023 டிசம்பரில் பைனார்லி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட லோகோஃபெயில் ஞாபகம் இருக்கிறதா? பூட் லோகோவைப் படிக்கிற நிரலில்தான் ஓட்டை. படத்துக்குள் விஷம் வைத்து, நம்பகமான நிரலை மட்டும் எழவிடும் செக்யூர் பூட்டையே தாண்டலாம் என்று காட்டினார்கள்.

கறிவேப்பிலை:
அது மெஷின் எழும்போது முதலில் ஓடும் மதர்போர்டு நிரலான யுஇஎஃப்ஐயின் லோகோ. கிரப் படம் வேறு.

பழையதகரம்:
வேறுதான், ஆனால் வியாதி ஒன்று. கிரப் பிஎன்ஜி, ஜேபெக் படிக்கும் இடத்திலும் ஓட்டைகள் இருந்து 2022 ஜூனில் அடைத்தார்கள்.

கறிவேப்பிலை:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூட் ஃபோல்டரில் எழுத ரூட், அதாவது முழு நிர்வாகி அனுமதி வேண்டும். அதைப் பிடித்தவன் என் மயிலைத் தேடியா வருவான்? அப்டேட் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

மாடிப்படி:
நடுவில் ஒரு பழங்கதை. விண்டோஸ் 98 எழும்போது லோகோ காட்டிய 'லோகோ.சிஸ்' என்ற ஃபைல் உண்மையில் ஒரு பிஎம்பி படம்தான். 320க்கு 400 புள்ளி, 256 வண்ணம். நெட்டையாக வரைந்தால் திரையில் அகலமாக விரியும். அது தெரியாமல் என் பாஸ்போர்ட் படத்தை வைத்தேன். தினமும் காலையில் பூசணிக்காய் முகம் ஒன்று என்னைப் பார்த்தது.

பழையதகரம்:
:) இருந்தாலும் என் கட்சி மாறாது. பூட் வரிகளை மறைத்துப் படம் காட்டச் சொல்லும் 'கொயட்', 'ஸ்பிளாஷ்' இரண்டையும் செட்டிங்கிலிருந்து எடுத்துவிட்டேன். எது தொங்குகிறது என்று எழுத்தில் தெரிய வேண்டும்; அழகான திரை அதை மறைக்கிறது.

கறிவேப்பிலை:
நீங்கள் சொல்வது கிரப்புக்குப் பிறகு உபுண்டு எழும்போது வரும் பிளைமவுத் திரை. எஸ்கேப் தட்டினால் பின்னால் ஓடும் வரிகள் தெரியும். சரி, உங்களுக்கே உதவுகிற மாதிரி ஒன்று: டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தாலும், பூட் பகுதி தனியாக வெளியே இருந்தால் பாஸ்வேர்ட் கேட்கும் முன்பே கிரப் படம் வரும். அதில் 'கண்டெடுத்தால் அழைக்கவும்' என்று நம்பர் எழுதி வைத்தால்?

பழையதகரம்:
ம்ம். போன வருஷம் ரயிலில் விட்டுவிட்டு இரண்டு நாள் தவித்தேன். ஆனால் என்னிடம் உபுண்டு மட்டும்தான், மெனுவே வராதே?

கறிவேப்பிலை:
அதே செட்டிங் ஃபைலில் 'டைம்அவுட் ஸ்டைல்' ஹிடன் என்று இருக்கும், அதை மெனு என்று மாற்றுங்கள். டைம்அவுட் 5 விநாடி வையுங்கள். மறுபடி அப்டேட்-கிரப்.

பழையதகரம்:
நம்பர் வைக்கிறேன். மயில் கிடையாது.