பாரிஸ்: ஒரு நாளைக்கு ஒரு பேட்டை

2025 ஆகஸ்டில் நானும் என் வீட்டுக்காரரும் ஒன்பது நாள் பாரிஸில் இருந்தோம். செலவு மகளுடையது, திட்டம் எங்களுடையது. சுற்றுலாப் பேருந்தில் ஏறி ஒரே நாளில் பதினைந்து இடம் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு பேட்டை, அதுவும் நடந்தே என்று முடிவு செய்திருந்தோம். அவருக்கு முழங்கால் வலி உண்டு. இருந்தாலும் பேருந்தில் உட்கார்ந்து தூங்குவதற்கு நடந்து புலம்பலாம் என்றுவிட்டார். நன்றாகவே புலம்பினார்.

பாரிஸில் 20 வட்டாரங்கள். எண் 1 நடுவில், சேன் நதிக்கரையில் இருக்கிறது. அங்கிருந்து கைமுறுக்குச் சுற்றுவதுபோல வலப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வெளியே போய் 20இல் முடியும். அவர்கள் இதை நத்தை என்கிறார்கள், எனக்கு முறுக்குதான் தெரிந்தது. முன்பு 12 வட்டாரங்கள்தானாம். 1860இல் மோன்மார்த்ர், பெல்வில் போன்ற பக்கத்து ஊர்களை நகரத்தோடு சேர்த்தபோது 20 ஆகியிருக்கிறது. ஓரத்து வட்டாரங்களில் இன்னும் கொஞ்சம் கிராமத்துச் சாயல் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான்.

தெருமுனைச் சுவர்களில் பச்சைக் கரை வைத்த நீலப் பலகை இருக்கும். தெருப் பெயருக்கு மேலே வட்டார எண். வீட்டு எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு: நதியை விட்டு விலகிப் போகும் தெருக்களில் எண் நதிப் பக்கத்திலிருந்து தொடங்கும். எண் குறைந்துகொண்டே வந்தால் நதியை நோக்கிப் போகிறோம் என்று அர்த்தம். இரண்டாம் நாள் போனில் சார்ஜ் தீர்ந்தபோது இதை வைத்துத்தான் கரை சேர்ந்தோம்.

தங்கியது 11ஆவது வட்டாரத்தில். முதல் நாள் காலை ரொட்டி வாங்கப் போனால், அந்தத் தெருவில் இருந்த பேக்கரியின் கதவில் கையால் எழுதிய ஒரு காகிதம். ஆகஸ்டு முழுக்க விடுமுறை. அடுத்த தெருவிலும் அதே. மூன்றாவது கடை திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும், “உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?” என்று ஆரம்பித்தேன். கல்லாவில் இருந்த அம்மா என்னைப் பார்த்து, “போன்ஜூர்” என்றார். சரி, காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை கேட்டேன். மறுபடியும், அதே குரலில், அதே முகத்தோடு, “போன்ஜூர்.” பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். என் வீட்டுக்காரர்தான் காதோரம், “வணக்கம் சொல்லச் சொல்றாங்கடி” என்றார். சொன்னேன். உடனே முகம் மலர்ந்து, நல்ல இங்கிலீஷில், எந்த ரொட்டி இப்போதுதான் அடுப்பிலிருந்து வந்தது என்பதுவரை சொன்னார். அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் எங்களை யாரும் முறைக்கவில்லை. பாரிஸ்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் போன்ஜூர் சொல்லாமல் கடைக்குள் போனவர்களாக இருப்பார்கள் என்பது என் கட்சி.

ஒரு நஷ்டக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். வாராந்திர மெட்ரோ பாஸ் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் அல்ல. திங்கள் முதல் ஞாயிறு வரைதான். சனிக்கிழமை வாங்கினால் அடுத்த திங்கட்கிழமை கணக்குக்குத்தான் போகும். நாங்கள் சனிக்கிழமை வாங்கிவிட்டு, வழிவிடாத கதவின் முன்னால் கால் மணி நேரம் நின்றோம். அப்புறம் ஒரு தடவைக்கு 2.50 யூரோ என்று தனித்தனியாகக் கொடுத்துப் போனோம். யாரையும் குறை சொல்ல முடியாது, இயந்திரத்தில் எழுதித்தான் இருந்தது.

மரே பகுதிக்கு ஒரு முழு நாள் கொடுத்தோம், போதவில்லை. 1612இல் திறந்த வோஜ் சதுக்கம் அங்கேதான் இருக்கிறது. நாலு பக்கமும் ஒரே மாதிரி செங்கல் வீடுகள், கீழே வளைவு வளைவாக நடைமண்டபம், நடுவில் புல்வெளி. ஒரு மூலையில் 6ஆம் எண் வீட்டில் எழுத்தாளர் விக்டர் ஹூகோ குடியிருந்திருக்கிறார். இப்போது அது அருங்காட்சியகம், நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து பொடிநடையாக ரோசியே தெரு, பழைய யூதர் தெரு. ஃபலாஃபெல் கடை வாசலில் வரிசை. நம்ம பருப்பு வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும்; ரொட்டிக்குள் கத்தரிக்காய் வதக்கல், முட்டைக்கோஸ், எள் சாஸ் எல்லாவற்றோடும் திணித்துத் தருகிறார்கள். உட்கார இடமில்லை, சாஸ் முழங்கைவரை வழிய நின்றுகொண்டே தின்றோம். கை துடைக்க இடம் தேடி அடுத்த சந்தில் திரும்பினால் ஒரு பள்ளிக்கூடம். சுவரில் நினைவுப் பலகை. போனைக் காட்டி மொழிபெயர்த்துப் படித்தோம். அந்தப் பள்ளியில் படித்த யூதக் குழந்தைகளை ஜெர்மன் முகாம்களுக்கு அனுப்பிக் கொன்ற செய்தி. பிரான்சிலிருந்து அப்படி அனுப்பப்பட்ட குழந்தைகள் 11,000க்கும் மேல். இதற்குப் பிறகு எந்த வட்டாரத்துக்குப் போனாலும் என் கண் முதலில் பள்ளிக்கூட வாசல்களைத்தான் தேடியது. நிறைய இடங்களில் பலகை இருந்தது.

மோன்மார்த்ர் அழகுதான், கூட்டம்தான் தாங்கவில்லை. அபெஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்குபவர்கள் தயவுசெய்து லிஃப்டில் ஏறுங்கள். நிலையம் 36 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. சுழல் படிக்கட்டில் ஓவியம் வரைந்திருக்கிறார்கள், பார்த்துக்கொண்டே போகலாம் என்று நான்தான் இழுத்துப்போனேன். பாதியில் அவர் உட்கார்ந்துவிட்டார். மேலே வெள்ளைத் தேவாலயத்தின் படிக்கட்டடியில், விரலில் நூலை மாட்டி, கயிறு பின்னிக் கட்டிவிட்டுக் காசு கேட்கும் ஆட்கள் நிற்பார்கள். கோயில் வாசலில் கயிறு கட்டுபவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், ஏமாறுவோமா! கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நேராக நடந்துவிட்டோம். குன்றின் பின்பக்கம் இறங்குங்கள், அங்கே கூட்டமே இல்லை. சோல் தெருவில் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அந்த இடத்தில் கட்டடம் வந்துவிடக் கூடாது என்பதற்காக 1933இல் நட்டது. நகரத்து நடுவில் வேலி போட்டு அப்படியே வைத்திருக்கிறார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது சேன்-மார்த்தேன் கால்வாய், 10ஆவது வட்டாரம். நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர நெப்போலியன் உத்தரவிட்டு 1825இல் திறந்த கால்வாய். கிட்டத்தட்டப் பாதி பாஸ்தீய் பக்கம் நிலத்துக்கடியில் போய்விடுகிறது. திறந்த பகுதியில் இரும்புப் பாலம், பெரிய மரங்கள், கரையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் இளசுகள். கிட்டத்தட்ட 25 மீட்டர் மட்ட வித்தியாசத்தை 9 மதகுகள் வைத்துச் சமாளிக்கிறார்கள். ஒரு படகு வந்தது. எங்கள் காலுக்கு வெகு கீழே, கிணற்றுக்குள் நிற்பதுபோல் நின்றது. பின்பக்கக் கதவு மூடியது. முன்பக்கக் கதவின் அடியில் தண்ணீர் சீறிக்கொண்டு உள்ளே வந்தது. படகில் இருந்தவர்களின் தலை தெரிந்தது, அப்புறம் தோள், அப்புறம் மடியில் இருந்த பை. கடைசியில் எங்களுக்கு நேர் எதிரே, கை குலுக்கும் தூரத்தில் இருந்தார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்கள் கையில் ஆளுக்கொரு துண்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் திணித்துவிட்டார். 2016இல் கால்வாயை வடித்துத் தூர்வாரினார்கள், அடியில் முழுக்க சைக்கிளும் பாட்டிலும்தான் என்று சைகையிலேயே சொன்னார். பாட்டில் எப்படி வந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை, அவர் மடியில் ஒன்று இருந்தது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. 2019இல் தீப்பிடித்த நோத்ர் தாம் 2024 டிசம்பரில் திறந்துவிட்டது. உள்ளே போகக் கட்டணம் இல்லை, வரிசையும் வேகமாக நகர்கிறது. கல் எல்லாம் கழுவிவிட்டதுபோல் இருக்கிறது, எனக்கு அது கொஞ்சம் அதிக வெளிச்சமாகப் பட்டது. லத்தீன் பேட்டையில் சுற்றுலாக் கடைகளை விட்டுவிட்டு ரோமானியர் கட்டிய வட்டரங்கத்துக்குப் போங்கள். நாங்கள் போனபோது அதன் நடுவில் நாலு பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஷான்செலிசே அகலமான அண்ணா சாலை, அரை மணி போதும்.

*

அக்கா, நல்லா எழுதியிருக்கிறீங்கள். ஆனால் கால்வாய் வரைக்கும் வந்துவிட்டு, பத்து நிமிட நடையில் இருக்கிற லாச்சப்பலுக்கு வராமல் போனீங்களே! நான் 1991இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். காதினோர் புகைவண்டி நிலையத்துக்குப் பின்பக்கம் அந்தத் தெருக்களில் நடந்தால் பெயர்ப்பலகை முழுக்கத் தமிழ். சீலைக்கடை, நகைக்கடை, முடிவெட்டும் கடை, முருங்கைக்காய் அடுக்கிய மரக்கறிக்கடை எல்லாம் உண்டு. 83க்குப் பிறகு வந்த ஆட்கள் ஒரு அறையில் எட்டுப் பத்துப் பேராகப் படுத்தெழும்பி, இரவில் பிரெஞ்சு றெஸ்ரோரன்ட்களில் கோப்பை கழுவி உண்டாக்கிய இடம் இது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். போன மாரிகாலம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் தின்றுகொண்டு நிற்கிறேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வந்து, “தம்பி, ஒரு பிளேன்ரீ, கெதியா, கெதியா” என்றார். கெதியா என்றால் எங்கட பேச்சில் சீக்கிரம். எனக்கு வாயில் இருந்தது விழப்பார்த்தது. விசாரித்தால், முப்பது வருடம் சமையல்காரராக இருந்தவராம். அவருடைய குசினியில் கோப்பை கழுவினது, வெங்காயம் உரித்தது எல்லாம் எங்கட பெடியள். தமிழில் அவருக்கு இருபது சொல் தெரியும் என்றார். பதினைந்து கெட்டவார்த்தை. மிச்சத்தில் ஒன்றுதான் “கெதியா”.

நீங்கள் வந்தது ஆகஸ்டு என்றபடியால் இன்னும் கவலை. மாணிக்கப் பிள்ளையார் கோயில் தேர் ஆகஸ்டு கடைசி, செப்டம்பர் தொடக்க ஞாயிறுகளில்தான் வரும். அண்டைக்குத் தெருவெல்லாம் மறித்து, குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்போம். பால்கனிகளில் நிற்கிற பிரெஞ்சுச் சனம் படம் எடுக்கும். சிதறினதைப் பொறுக்கித் தின்னவும் பழகிவிட்டார்கள்.

*

லாச்சப்பல் அண்ணன் சொன்னது சரி. நான் புதுச்சேரிக்காரன், அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த வகையில் இங்கே வந்து சேர்ந்தோம். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் சொல்தா வீட்டுப் பிள்ளை. சகோதரி, நீங்கள் ஐபெல் கோபுரத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கோபுரம் கிடக்கட்டும், அதன் காலடித் தெருக்களைப் பாருங்கள்.

கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய திடலுக்கு ஒரு பக்கம் லபூர்தொனே சாலை, இன்னொரு பக்கம் சுஃப்ரன் சாலை. லபூர்தொனே 1746இல் சென்னைக் கோட்டையை இங்கிலீஷ்காரர்களிடமிருந்து பிடித்த பிரெஞ்சுத் தளபதி. சுஃப்ரன் 1782, 83இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று நம் கரையோரமாகவே கடற்சண்டை போட்டவர். கோபுரத்துக்கு இறங்கும் பீர்-அக்கேம் மெட்ரோவுக்கு அடுத்த நிலையத்தின் பெயர் டூப்ளே. அப்போது புதுச்சேரி கவர்னராக இருந்தவர், எங்கள் ஊர்க் கடற்கரையில் சிலையாக நிற்பவரேதான். சென்னையைப் பணம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கலாம் என்றார் லபூர்தொனே, கூடாது என்றார் டூப்ளே. அந்தத் தகராறு முற்றி லபூர்தொனே பிரான்சுக்குத் திரும்பியதும் பாஸ்தீய் சிறையில் கிடந்தார். டூப்ளேயும் கடைசியில் கடனாளியாக இதே பாரிஸில் 1763இல் செத்தார். டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இந்தச் சண்டையை நாள்வாரியாகப் படிக்கலாம். லபூர்தொனேயும் டூப்ளேயும் இப்போது அந்தத் திடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பலகையாகத் தொங்குகிறார்கள்.

இன்னொன்று. நகர மன்றத்தின் முன்னால் இருக்கும் சதுக்கத்தை மரேவுக்குப் போகும்போது கடந்திருப்பீர்கள். 1761இல் புதுச்சேரியை இங்கிலீஷ்காரர்களிடம் விட்டுக்கொடுத்ததற்காக லல்லி என்ற தளபதியின் தலையை 1766இல் அங்கே வைத்துத்தான் வெட்டினார்கள். புதுச்சேரியில் அவர் பெயரில் வீதி இருக்கிறது, பாரிஸில் 19ஆவது வட்டாரத்தில் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய்க் காட்டினேன். “நம்ம ஊரைத் தோற்றதுக்கா தலை போச்சு?” என்று சின்னவன் கேட்டான்.

*

இருவருக்கும் நன்றி. லாச்சப்பல் தம்பி, கடைசி நாள் பெட்டியோடு அந்த நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு தோசை தின்றோம், அவ்வளவுதான். தேர் இருப்பது தெரியாமல் போய்விட்டது. புதுச்சேரி ஐயா, உங்கள் பதிலைப் படித்ததும் போனில் இருந்த படங்களைத் தேடினேன். கோபுரத்தடியில் எடுத்த முப்பது படங்களில் ஒன்றில் இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி சுவரில் சாய்ந்து நிற்கிறார். தலைக்கு மேலே நீலப் பலகை. பெரிதாக்கிப் பார்த்தால் சுஃப்ரன் சாலை. படம் நன்றாக வரவில்லை என்று அழிக்க இருந்தேன்.