சேலத்தில் சப்ளை கம்பெனி வேலை: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

அஞ்சு ரோடு பேரிங்

பேரிங், பெல்ட், ஆயில் சீல் விற்கிற கடையில் வேலை. மரவள்ளிக் கிழங்கு சீசனில் சேகோ (ஜவ்வரிசி) மில்காரர்கள் எப்படி அலைமோதுவார்கள் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு சாயங்காலம் ஆத்தூர் பக்கத்து மில்லில் இருந்து ஒரு ஃபிட்டர் வந்தார். அறுபதை நெருங்கிய வயது. கிழங்கை அரைக்கிற ரேஸ்பர் மெஷினில் கழற்றிய பேரிங்கை நியூஸ்பேப்பரில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கிழங்குப் பால் காய்ந்து சிமெண்ட் மாதிரி பிடித்திருந்ததில் நம்பரே தெரியவில்லை. வெர்னியர் வைத்தேன். உள்விட்டம் 45, வெளிவிட்டம் 100, தடிமன் 25 மில்லி. அப்படியென்றால் பேரிங் நம்பர் 6309.

நல்ல கம்பெனி ஜோடி ஒன்று, விலை குறைந்த ஜோடி ஒன்று, இரண்டையும் மேஜையில் வைத்தேன். எழுநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஓனருக்கு போன் போட்டார். "குறைஞ்சதையே வாங்கிட்டு வா" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு, இரண்டையும் ஒவ்வொன்றாகக் காதோரம் பிடித்து விரலால் சுற்றிப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையில் இருந்து தன் சொந்தப் பணத்தை எடுத்து நல்ல பேரிங் பக்கத்தில் வைத்தார்.

"இது ராத்திரி ரெண்டு மணிக்குப் போச்சுன்னா உள்ளே கையை விடறவன் நாந்தானுங்க தம்பி."

பில்லை மட்டும் குறைந்த விலைக்குப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். எந்தச் சரக்கோ அதற்குத்தான் பில் என்று கேஷில் சொல்லிவிட்டார்கள். சரிங்க என்று பில்லை மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்தப் பணம் அவருக்குத் திரும்பிக் கிடைத்திருக்குமா? ரேஸ்பர் பேரிங் என்று யார் வந்து கேட்டாலும் எனக்கு இதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

இரும்பாலை ரோடு

மேலே எழுதியவர் "விலை குறைந்த ஜோடி" என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டார். அது எது என்று சொல்ல வேண்டும் நண்பரே. ஒரு சின்ன கம்பெனி தன் பெயரைப் போட்டுக் குறைந்த விலைக்கு விற்றால் அது நேரான சரக்கு. எடுக்கிறவர் தெரிந்துதான் எடுக்கிறார். பெரிய கம்பெனி பெயரையே அச்சடித்த டப்பாவில் வருகிறதே, அது டூப்ளிகேட். அதைக் கடைக்குள் வைத்திருப்பதே குற்றம். 1999ஆம் வருட வர்த்தகக் குறிச் சட்டத்தில் 103, 104ஆம் பிரிவுகளைப் பாருங்கள். 6 மாதத்தில் இருந்து 3 வருடம் வரை ஜெயில், 50,000 ரூபாயில் இருந்து 2 லட்சம் வரை அபராதம். இரண்டும் நம் ஊரில் ஒரே அலமாரியில் உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு ஆற்றாமை.

என் சம்பவம் சின்னது. போல்ட் நட் சப்ளை கம்பெனியில் டெலிவரி எனக்கு. ஒரு பெரிய ஆலையின் கேட்டில் பாஸ் போட்டு, எடை போட்டு, ஸ்டோர்ஸ் வாசலில் நின்றபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. ஸ்டோர்ஸில் இருந்தவர் பெட்டியைத் தரையில் கவிழ்த்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து போல்ட்டை ஒவ்வொன்றாக எடுத்துத் தலையைப் பார்க்க ஆரம்பித்தார். எல்லாவற்றிலும் 8.8 என்று இருந்தது. கடைசியில் ஒன்றின் தலை மட்டும் மொட்டையாக இருந்தது. முழுப் பெட்டியையும் திருப்பிவிட்டார்.

எனக்குக் கோபம்தான். ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மற்றதை வாங்கக் கூடாதா என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இது கிரேனுக்குப் போகுதுப்பா. கீழே ஆளுங்க நடக்கறாங்க" என்றார். 8.8 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுத்தால்தான் அறும், அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது. தலையில் ஒன்றும் இல்லாத போல்ட் 4.6 ஆகவும் இருக்கலாம். அதன் பலம் பாதிதான். ஒன்று கலந்து வந்த பெட்டியில் மற்றதை மட்டும் எதை வைத்து நம்புவது? அவர் செய்ததுதான் முறை.

சங்ககிரி லைன்

நான் கலெக்‌ஷன். சரக்கு விற்கிறவர்களுக்கு இந்த வேலையின் கஷ்டம் பாதிதான் தெரியும், பாக்கி வாங்கப் போகிறவனுக்குத்தான் முழுசாகத் தெரியும்.

இளம்பிள்ளை பக்கம் ஒரு தறிக்காரர். மோட்டாரும் பெல்ட்டும் எடுத்த பாக்கி ரொம்ப நாளாக நின்றது. அந்த ஊரில் தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் காதை அடைக்கும். இவர் ஷெட்டில் சத்தமே இல்லை. நூல் விலை ஏறிப்போய் எல்லாத் தறியும் நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். எதுவும் சொல்லவில்லை. தறிக்கு அடியில் இருந்து ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார். "மோட்டாரைக் கழட்டிக்கங்க. கொடுக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்லைங்க."

அவர் பையன் கதவு ஓரத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்பேனரைத் தறி மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மேனேஜர் அந்தத் தொகையை என் இன்சென்டிவில் பிடித்துவிட்டார். அது அநியாயம் என்று அவரிடமே சொன்னேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். வியாபாரத்தின் நஷ்டத்தைச் சம்பளக்காரன் தலையில் கட்டக் கூடாது.

கணக்குப் பிள்ளை

இதற்கெல்லாம் சட்டத்தில் வழி இருக்கிறது, நம் ஆட்கள்தான் கண்டுகொள்வதில்லை. 2006ஆம் வருட சிறு குறு தொழில் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டிப் பாக்கி வைக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. அரசின் இணையதளத்தில் புகார் பதியலாம், அது இந்தப் பாக்கி வழக்குகளைத் தீர்க்கிற மாநிலக் கவுன்சிலுக்குப் போகும். வருமான வரியிலும் 1961ஆம் வருடச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவாக ஒரு விதி வந்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் இருந்து அமலில் இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்கு அந்த நாளுக்குள் கொடுக்காத பணத்தை, எந்த வருடம் கொடுக்கிறார்களோ அந்த வருடச் செலவாகத்தான் காட்ட முடியும். மார்ச் வந்தால் பெரிய கம்பெனிகள் தாங்களாகவே போன் செய்வது இதனால்தான். ஆகவே சிறு குறு தொழில்களுக்கு அரசு கொடுக்கிற உத்யம் பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள், சரக்கு இறங்கிய தேதிக்குக் கையெழுத்து வாங்குங்கள், டெலிவரி சலானைத் தூக்கிப் போடாதீர்கள், வருடத்துக்கு ஒரு முறை பாக்கி உறுதிக் கடிதம் வாங்குங்கள்.

என் அனுபவம் என்றால், நான் முன்பு இருந்த கம்பெனியில் சலான் கட்டை எடைக்குப் போட்டுவிட்டு, ஒரு பெரிய பாக்கியை நிரூபிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். அந்த முதலாளி காலி அலமாரி முன்னால் நின்றதை மறக்க முடியாது.

சங்ககிரி லைன்

அண்ணா, நீங்கள் சொன்னது தயாரிக்கிறவர்களுக்கும் சேவை செய்கிறவர்களுக்கும். எங்கள் கம்பெனி வாங்கி விற்கிற கம்பெனி. 2021 ஜூலையில் வியாபாரிகளுக்கும் உத்யம் பதிவைத் திறந்துவிட்டார்கள், ஆனால் வங்கிகளின் முன்னுரிமைத் துறைக் கடனுக்கு மட்டும்தான் அது செல்லும். 45 நாள் பாதுகாப்பு எங்களுக்குக் கிடையாது. சப்ளை கம்பெனிகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில்தான் வரும். அது போகட்டும், நான் எழுதியது பணமே இல்லாத மனுஷனைப் பற்றி. அவர் மேல் மூன்று மடங்கு வட்டி போட்டு என்ன செய்வது?

பில்லிங் அக்கா

ஆண்கள் சண்டையை முடித்துவிட்டீர்களா? நான் போனில் ஆர்டர் எடுப்பவள். டிசம்பரில் ஏற்காட்டுத் தோட்டத்தில் இருந்து ஒரு அம்மா பேசினார், மேஸ்திரியின் மனைவி. காப்பிப் பழத் தோலை உரிக்கிற பல்ப்பர் மெஷினின் பெல்ட் அறுந்துவிட்டது, கணவர் ஊரில் இல்லை, நம்பர் அழிந்துவிட்டது. காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோல் உரித்தாக வேண்டும், மூட்டையில் கிடந்தால் புளித்துவிடும், கொட்டையில் வாடை ஏறிவிடும். அன்று பறித்தது முழுக்க முற்றத்தில் கிடக்கிறது என்றார்.

அறுந்த பெல்ட்டின் மேல் அகலத்தை ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 17 மில்லி என்றார். அப்படியானால் பெல்ட் வகையில் பி செக்‌ஷன். அறுந்த இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, வெளிப்பக்கமாக நூலைச் சுற்றி, அந்த நூலை டேப்பில் வைக்கச் சொன்னேன். 55 இஞ்சு. பி செக்‌ஷனில் வெளி அளவில் இருந்து சுமார் 3 இஞ்சு கழித்தால் உள் அளவு, ஆக பி 52. இரண்டாம் தடவையும் அளக்கச் சொன்னேன், அதே அளவுதான். ஏற்காடு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டோம்.

ராத்திரி திரும்ப போன் வந்தது. அவர் பேசவில்லை, போனை பல்ப்பர் பக்கம் நீட்டியிருந்தார். மெஷின் ஓடுகிற சத்தமும், பின்னால் பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டது. அப்புறம்தான் "கேக்குதா கண்ணு?" என்றார். நான் பில் போட்ட பொருள் ஓடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடையில் இருக்கிறவர்களுக்கு அந்த வாய்ப்பே வருவதில்லை.

மேட்டூர் மெயின்டனன்ஸ்

அக்கா, அருமை. ஆனால் அளவை மட்டும் நம்பி அனுப்புவதில் ஒரு ஆபத்து உண்டு. பெல்ட் ஓடுகிற சக்கரத்தில், அதாவது புல்லியில், பெல்ட் உட்காருகிற காடி எத்தனை என்று கட்டாயம் கேளுங்கள். ஒற்றை பெல்ட் என்றால் பிரச்சினை இல்லை. நாலு ஓடுகிற இடத்தில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால், பழைய மூன்றும் நீண்டு போயிருக்கும், புதியது ஒன்றே சுமை முழுவதையும் இழுத்துச் சீக்கிரம் அறுந்துவிடும். நாலையும் ஒன்றாக மாற்ற வேண்டும், அதுவும் ஒரே கம்பெனியின் ஒரே செட்டாக. இதைச் சொன்னதற்கு ஒரு மில் முதலாளி, விற்பனைக்காக நாலு தள்ளிவிடப் பார்க்கிறாய் என்று எல்லார் முன்னாலும் கத்தினார். ஒன்றுதான் வாங்கிப் போனார். அடுத்த தடவை சூப்பர்வைசரை அனுப்பினார், கையில் இருந்த சீட்டில் "பி 68, நாலு, ஒரே செட்" என்று எழுதியிருந்தது.