மூச்சு வாங்குவது நுரையீரல், நெஞ்சு ஏன் தடதடக்கிறது?

கேள்வி: அரூர் அம்மா

போன ஞாயிற்றுக்கிழமை மாமியாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு தீர்த்தமலை போனோம். பாதிப் படி ஏறுவதற்குள் மகள் ஒரு பாறையோரம் உட்கார்ந்துவிட்டாள். என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். தடதடவென்று அடித்தது. "காத்து போறது நுரையீரலுக்குத்தானேம்மா? இதயம் எதுக்கு இப்படி அடிச்சுக்குது?" என்றாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், தையல் வேலை. அவள் பத்தாவது. வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்ததில் இன்னொரு குழப்பமும் வந்துவிட்டது. தமனி என்றால் நல்ல ரத்தம் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். படத்திலோ நுரையீரல் தமனி மட்டும் நீல நிறத்தில் இருக்கிறது. அச்சுப் பிழையா? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பதில்: காவேரிப்பட்டினத்துக்காரன்

அச்சுப் பிழை இல்லை அக்கா. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. அவ்வளவுதான். நல்லது, கெட்டது கணக்கே கிடையாது. படியேறினால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடும், அதனால்தான் மூச்சு வாங்குகிறது.

பதில்: பென்னாகரம் வாத்தியார்

தமனி, சிரை பற்றித் தம்பி சொன்னது சரி. கடைசி வரியை மட்டும் திருத்துகிறேன். நோயில்லாத பிள்ளை படியேறும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் குறைவதில்லை. கால் அசையத் தொடங்கியதுமே மூளையின் அடியிலுள்ள முகுளத்துக்குத் தகவல் போய்விடும். அப்புறம் தொடைத் தசை கொட்டும் கரியமில வாயு. அது கொஞ்சம் கூடினாலும் முகுளம் கண்டுபிடித்து மூச்சை முடுக்கும். மூச்சை அடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். "விட்டுவிடு" என்று உள்ளே ஒரு தவிப்பு வருமே, அது முக்கியமாகக் கரியமில வாயு ஏறுவதால் வருவது.

இப்போது நெஞ்சு. நுரையீரல் காற்றை உள்ளே கொண்டுவரும், அதோடு சரி. தொடை வரைக்கும் சுமந்துபோவது ரத்தம். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி மலையாகக் குவிந்து கிடந்தாலும் லாரி வராவிட்டால் ஊர் போய்ச் சேராது. சும்மா உட்கார்ந்திருக்கும் வளர்ந்த ஆளுக்கு இதயம் நிமிடத்துக்கு 72 தடவை, தடவைக்கு ஏறக்குறைய 70 மில்லி தள்ளுகிறது. கணக்குப் போட்டால் 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மலையேறும்போது தசை இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கேட்கும். அதைக் கொடுக்கத்தான் இதயம் இப்படித் தடதடவென்று அடிக்கிறது.

மாமிசம் சாப்பிடுகிற வீடு என்றால், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நுரையீரலையும் இதயத்தையும் மூச்சுக்குழாயோடு அறுக்காமல் கேட்டு வாங்குங்கள். குழாயைத் தடவினால் வளையம் வளையமாக நெருடும். பின்பக்கம் மட்டும் மெத்தென்று இருக்கும், ஏனென்றால் அங்கே வளையம் முழுதாக மூடுவதில்லை. வாய் வைத்து ஊத வேண்டாம். சைக்கிள் பம்பின் குழாயைச் செருகிக் கட்டி மெதுவாக அடியுங்கள். சுருங்கிக் கிடந்தது இளஞ்சிவப்பாக விரியும். விட்டால் தானாகவே அடங்கும். உயிரோடு இருக்கும் உடம்பில் யாரும் பம்பு அடிப்பதில்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்கி, விலா விரிந்து, மார்புக்குள் இடம் கூடும்போது காற்று தானே உள்ளே வருகிறது.

அப்புறம் இதயத்தைக் குறுக்கே வெட்டுங்கள். ஒரு பக்கச் சுவர் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருக்கும். மெல்லியது வலது. பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும் அதற்கு. இடது பக்கம் உச்சந்தலைக்கும் கால் விரலுக்கும் அனுப்ப வேண்டும். மனிதருக்கும் இப்படித்தான்.

நுரையீரலுக்குள் 30 கோடிக்கும் மேல் காற்றறைகள். ஒவ்வொன்றையும் மெல்லிய ரத்த நுண்குழாய்கள் பின்னிக்கொண்டிருக்கும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத சுவர். அதைத் தாண்டி ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போகும், கரியமில வாயு காற்றுக்கு வரும். நீலத்தில் வரைந்த ரத்தம் இங்கே வந்துதான் சிவப்பாகத் திரும்புகிறது. உண்மையில் அது நீலமும் இல்லை, கருஞ்சிவப்பு.

பதில்: கல் பட்டறை

சார் சொன்ன அந்தச் சுவரைப் பற்றி நான் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பட்டறையில் பதினோரு வருடம் கிரானைட் அறுத்தேன். தண்ணீர் விட்டு அறுத்தால் தூள் சேறாகக் கீழே இறங்கிவிடும். சீக்கிரம் முடியட்டும் என்று எங்களைத் தண்ணீர் விடாமலே அறுக்க வைத்தார்கள். முகத்துக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். பெரிய தூளை மூக்கும் சளியும் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத தூள் காற்றறை வரை போய்விடும். அங்கே தழும்பு கட்டியிருக்கிறது, சிலிக்கோசிஸ் என்றார் டாக்டர். கட்டிய தழும்பு கரையாதாம். இப்போது வீட்டு மாடிக்குப் பதினாலு படி. ஏழாவது படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். அந்தப் பாப்பா பாறையில் உட்கார்ந்தாள் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. அவளுக்கு அது ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும்.

பதில்: அரூர் அம்மா

சார், இன்று செய்து பார்த்தோம். பம்பு அடித்தது அவள், குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டது மாமியார். விரிந்ததும் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வெட்டின இதயத்தில் தடித்த பக்கம் அவள் விரல் அகலம் இருந்தது. நாடியும் எண்ணினாள். உட்கார்ந்திருக்கும்போது 80, மொட்டைமாடிக்கு ஐந்து தடவை ஏறி இறங்கியதும் 136. நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

கல் பட்டறை அண்ணா, என் தம்பி நாலு மாதமாகக் கல் அறுக்கும் வேலைக்குத்தான் போகிறான். வீட்டுக்கு வந்தால் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். நீங்கள் எழுதியதை அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே தண்ணீர் விட்டு அறுக்கிறார்களா என்று ராத்திரி போன் செய்து கேட்கப் போகிறேன்.