மார்சேயின் ‘மஞ்சள் 14’: வண்ணத்தில் உதவி தேவை

நண்பர்களே, இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர் விமானி ஹான்ஸ்-யோக்கிம் மார்சேயின் பிஎஃப் 109 எஃப்-4/டிராப் போர் விமானத்தை 1/48 அளவு மாதிரியாகச் செய்கிறேன். இடப்பக்கம் மணல் வடிகட்டி வைத்த ஆப்பிரிக்க வகை. மேலே ஆர்எல்எம் (ஜெர்மன் விமான அமைச்சகத்தின் வண்ண எண்) 79 மணல் நிறம், அடியில் ஆர்எல்எம் 78 வெளிர் நீலம், உடலில் உள்ள ஜெர்மன் சிலுவைக்குப் பின்னால் வெள்ளைப் பட்டை.

சிக்கல் விமானத்தின் ‘14’ என்ற மஞ்சள் எண்ணில்தான். டிகாலின் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படலம்) மஞ்சள் மெல்லியது. மணல் நிறத்தின் மேல் ஒட்டினால் அடிநிறம் தெரிந்து, எண் கடுகுக் கறைபோல மங்குகிறது. அதனால் டேப்பில் ‘14’ வெட்டி, முதலில் வெள்ளை, பிறகு ஆர்எல்எம் 04 மஞ்சள் அடிக்கலாம் என்று நினைக்கிறேன். பெயின்ட் 1 பங்கு, தின்னர் 2 பங்கு, ஏர்பிரஷில் 12-15 பிஎஸ்ஐ காற்றழுத்தம், மூன்று மெல்லிய பூச்சு. டேப்பை உரிக்கும்போது ஓரம் பிசிறாமல் இருக்க, முதலில் மணல் நிறத்தையே ஓரத்தில் மெலிதாக அடித்து அடைத்தால் போதுமா, கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ்தான் வேண்டுமா?

அடுத்தது வாலில் உள்ள சுக்கான். அதில் மலர்வளையமும், வீழ்த்திய விமானங்களைக் குறிக்கும் வெற்றிக் கோடுகளும். கோடுகளுக்கிடையே டிகால் படலம் வெள்ளிபோல மினுங்குகிறது. மேட் பரப்பின் சொரசொரப்பில் காற்று சிக்குவதால் வருவது என்று தெரியும். ஆனால் இரண்டு கை கிளாஸ் அடித்து, 24 மணி நேரம் காயவிட்டு ஒட்டியும் இப்படித்தான். ஊசியால் குத்தி, டிகாலை மென்மையாக்கிப் பரப்பில் படியவைக்கும் செட்டிங் திரவம் விட்டால் அடங்குமா, இல்லை உரித்துவிட்டுக் கோடுகளைத் தூரிகையால் வரைவதே மேலா?

1942 ஜூனில் 101 வெற்றி எட்டியபோதும் செப்டம்பரிலும் சுக்கான் ஒன்றல்ல. எந்த மாதத்தைச் செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.