கோயங்கா, சயாமா ரெண்டு பேர் வழித் தியான முகாமிலும் உட்கார்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கோயங்கா வழி விபாசனா தியானத்தில் 10 நாள் முகாம் மூணு தடவை முடித்திருக்கிறேன். இப்போது பர்மிய தியான ஆசிரியை சயாமாவின் வழியிலும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க ஆசை. ரெண்டு பேருக்கும் குரு ஒருவர்தான், பர்மாவில் அக்கவுண்டன்ட் ஜெனரலாக இருந்த ஊ பா கின். அவர் 1971இல் காலமானார். கோயங்கா அதற்கு முன்பே, 1969இல் இந்தியா வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார், சயாமா 1978இல் இங்கிலாந்து போனார், அப்புறம் ரெண்டும் தனித்தனிப் பாதை.

என்னை முதன்முதலில் கூட்டிப்போன அக்காவிடம் இதைச் சொன்னேன். இட்லியைப் பிட்டபடியே "அப்போ இது போதலையா உனக்கு?" என்றார், அவ்வளவுதான், ஒரு வாரமாகப் போன் இல்லை. வழிகளைக் கலக்காதே என்று முகாமில் சொல்வார்கள், சரி, ஆனால் மூச்சும் உடம்பு உணர்ச்சியும் ரெண்டிலும் உண்டே?

ரெண்டிலும் உட்கார்ந்தவர்கள் பயிற்சியில் என்ன வித்தியாசம் கண்டீர்கள்? சயாமா வழி முகாமுக்கான விண்ணப்பத்தில் பழைய பயிற்சியைப் பற்றி என்ன எழுதினீர்கள்? அக்காவிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றும் சொல்லுங்கள், ப்ளீஸ்.